பதினாறு பேர் கூடி ஓர் உயிர்

எங்கள் எஸ்டேட்டுக்குப் போலீஸ் வந்ததற்கு நான்தான் காரணம். செய்த குற்றம், விலங்கியல் பாடம் நடத்தியது.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள். (தாண்டியதோடு நிற்காமல், அதைத் தினம் நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.) கல்லூரியில் எனக்கு மலைக்காட்டுப் பெண் என்று பெயர். விடுமுறைக்குச் சூரியநெல்லிப் பக்கத்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பேச ஆளில்லை. சின்ன வயதில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட செல்வி, இப்போது என் அம்மாவோடு தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள், என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டு, "எப்ப வந்தீக?" என்று கேட்டாள். அந்த 'வந்தீக'வில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் படிப்பது என்னவென்று இவர்களுக்குப் புரிந்துவிட்டால் பழைய ஆளாகிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கொழுந்தை நிறுப்பதற்காகக் கொட்டகையில் அம்மா, செல்வி உட்படப் பதினாறு பெண்கள் காத்திருந்தார்கள்.

"நீ என்னதாம்ட்டி படிக்க? எல்லாரும் கேக்காக" என்றாள் அம்மா.

இதற்காகத்தானே காத்திருந்தேன். "ஆதியில எல்லா உயிரும் ஒத்தச் செல்லும்மா. அதுவே நீந்தும், அதுவே பெருகும். ஆனா பெருகுற நேரத்துல அதால நீந்த முடியாது. அதனால பல செல்லுக சேந்து, வேலையப் பிரிச்சுக்கிட்டுச்சு."

"பிள்ளையப் பெத்துக்கிட்டே கொழுந்தெடுக்க முடியுமா? ஆயாகிட்ட விட்டுட்டுத்தான நாங்களும் வாறோம். இதப் படிக்கவா பாலக்காட்டுக்குப் போன?" என்றாள் அம்மா.

எங்கள் பேராசிரியர் இரண்டு வாரம் நடத்திய பாடம் அது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டால் நான் படித்ததற்கு என்ன மதிப்பு? "அவ்வளவு லேசு இல்லம்மா" என்று சொல்லி எல்லோரையும் எழுப்பினேன்.

குளத்துத் தண்ணீரில் வால்வாக்ஸ் என்று ஒரு பச்சை உயிர் உண்டு. ஊசிமுனை அளவு உருண்டை. அதன் செல்கள் வெளிப்பக்கம் பார்த்து, சாட்டை மாதிரி இழைகளை வீசி உருண்டையை ஓட்டும். பிள்ளை உருண்டைகள் அதற்குள்ளேயே வளரும். ஒரு திசையில் ஓடத் தொடங்கியதும் அதற்கு முன், பின் என்று வந்துவிடுகிறது. உடம்புக்கு வடிவம் பிறந்த கதையை இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். பதினாறு பேரையும் முதுகை உள்ளே காட்டி வட்டமாக நிறுத்தினேன். முழங்கைகளைக் கோத்துக்கொண்டு, உள்ளங்கைகளை வீசியபடி நகரச் சொன்னேன்.

"நான் எந்தப் பக்கம் பாத்து நடக்க?" என்றாள் செல்வி.

"நீ பின்பக்கம். பேசாம வா."

"வேலைக்கு முன்னால சேந்தவ நானு. எனக்குப் பின்பக்கமா?" என்று வேறொருத்தி சண்டைக்கு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து பீல்டு ஆபீசர் வந்தார். மலையாளி, நல்ல மனுஷர், படிப்பு என்றால் தொப்பியைக் கழற்றுகிறவர். உள்ளே ஒரு பிள்ளை உருண்டை வேண்டும் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் போய்ச் சுருண்டு உட்கார்ந்தார். (உருண்டை நகர நகர, அவரும் குந்தியபடியே நகர்ந்தார்.)

ஒன்றை நான் யோசிக்கவில்லை. போனஸ் பேச்சு முறிந்திருந்த மாதம் அது. பக்கத்து எஸ்டேட்டில் ஒரு மேனேஜரைத் தொழிலாளிகள் சுற்றி நின்று பொழுது சாயும்வரை கெரோ செய்திருந்தார்கள். எங்கள் உருண்டை கூச்சலோடு சரிவில் இறங்கி ரோட்டைத் தொட்டபோது, உதவி மேனேஜர் சின்னத்துரையின் ஜீப் வளைவில் திரும்பியது.

கைகோத்த பதினாறு பெண்கள். நடுவில், தரையில், தொப்பியில்லாத பீல்டு ஆபீசர். அவர் பதறி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி, "ஒண்ணுமில்ல சார், ஞான் குஞ்ஞாணு" என்றார். குழந்தையாம். ஐம்பது வயது ஆள் இப்படிச் சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஜீப் வந்த வழியே பின்னோக்கி ஓடியது.

"ஏட்டி கிறுக்கி, என்னட்டி செஞ்சு வச்ச?" என்று செல்வி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஊரே நடுங்கிய அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'ஏட்டி' என்றுவிட்டாளே.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. ஆபீசில் மேனேஜர் பெரியதுரை பெயர்ப்பட்டியல் கேட்டார். பட்டியலில் உள்ளவர்களுக்கு வேலை இல்லை என்றார். அம்மா தன் பெயரை முதலில் சொல்லி, மற்ற பதினைந்தையும் சொன்னாள்.

"என் பேரையும் எழுதுங்க" என்றேன்.

கிளார்க் பீல்டு ஆபீசரைப் பார்த்தார். "அவள் அதில் இல்ல சார்" என்றார் அவர், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து. "மாறி நின்னு பறஞ்சோண்டிருந்ததே உள்ளூ." ஒதுங்கி நின்று சொல்லிக்கொண்டு மட்டும்தான் இருந்தேனாம்.

அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் நான்கு பக்க விளக்கம் எழுதினேன். படமும் போட்டு, பீல்டு ஆபீசர் இருந்த இடத்தை அம்புக்குறியால் காட்டினேன். பெரியதுரை படத்தைப் பார்த்தார், பீல்டு ஆபீசரைப் பார்த்தார், பட்டியலைக் கிழித்தார். நிபந்தனை ஒன்றுதான்: இந்தப் பெண் இனிமேல் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

மறுநாள் காலை எல்லோரும் மலையேறினார்கள். நான் லயத்து முனையோடு நின்றுகொண்டேன். செல்வி போகிறபோக்கில், "சாப்ட்டீகளா?" என்றாள்.

இப்போது நான் ஒரு பள்ளியில் இதே பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்துகிறேன். வீட்டுக்கு யார் விருந்து வந்தாலும் அம்மா இந்தக் கதையை எடுத்துவிடுவாள். பதினாறு பேர் குரலிலும் பேசுவாள், பீல்டு ஆபீசர் மாதிரி குந்தியும் காட்டுவாள். போன மாதம் தம்பி மனைவி என்னைப் பார்த்து, "மதினி, நீங்க எந்தப் பக்கம் நின்னீக?" என்று கேட்டாள்.

"அவளா?" என்றாள் அம்மா. "அவ எங்க நின்னா? வெளிய இருந்து தப்புச் சொல்லிக்கிட்டுல்லா இருந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களுக்குக் கொஞ்சம் முன்பாகவே.