மணி அடித்தால் ஓடும் விருந்தாளி

பாசமும் மரியாதையும் போதுமான அளவு கோபமும் கலந்து ரோனா அக்காவுக்குத் தம்பி ஃபெர்கஸ் எழுதுவது. இங்கே நானும் இஷ்பெலும் சுகம். பக்கவாதத்தில் விழுந்த அவளுடைய இடது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. நாக்கு மட்டும் முன்னைவிடப் பலமாக இருக்கிறது. டூகல் அத்தான் சுகமா? மறதியில் இன்னும் செருப்பைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்கிறாரா? நீ யாரென்று அவர் கேட்டால், சண்டை பிடிக்காமல் பெயரைச் சொல்லிவிடு.

நலம் விசாரித்தாயிற்று. இனி வழக்கு. பராமரிப்பாளர் மையத்துக்கு போன் போட்டு என் பெயரைக் கொடுத்தது நீதானே? அங்கிருந்து கர்ஸ்டி என்ற பெண் வந்து உட்கார்ந்து, "ஐயா, நீங்க ஒரு பராமரிப்பாளர்" என்று பட்டம் கட்டினாள். "நான் வெறும் புருஷன்மா" என்றேன். அவள் விடவில்லை. "சம்பளமில்லாம வீட்டு ஆளுங்களைப் பார்த்துக்கிறவங்களுக்காக நம்ம ஊர்க் கடைக்காரங்க ஆளுக்கு ஒண்ணு குடுக்கிறாங்க. படகுக்காரர் ஒரு சவாரி, சலூன்காரர் ஒரு முடிவெட்டு. உங்களுக்குக் கடற்கரை விடுதியில ரெண்டு ராத்திரி, சாப்பாட்டோட! அம்மாவைப் பார்த்துக்க ஒரு பொண்ணை அனுப்புறேன்." நம் அப்பா மழையைத் தவிர வேறெதையும் ஓசியில் வாங்காத மனிதர் என்று சொல்லிப் பார்த்தேன். இஷ்பெல்தான், "போய்த் தொலையேன்யா! சும்மா பக்கத்துல நின்னு என் மூச்சை எண்ணிக்கிட்டு" என்று தள்ளிவிட்டாள்.

வெறுங்கையோடு போகலாமா? தோட்டத்து உருளைக்கிழங்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். விடுதி முதலாளியம்மா திருமதி புக்கானன், "இதெல்லாம் எதுக்குங்க, நீங்க எங்க விருந்தாளி" என்று மூட்டையை என் பக்கம் தள்ள, நான் அவர் பக்கம் தள்ள, மூட்டை யாருக்கும் வேண்டாமென்று நடுவில் கிழிந்தது. கோல்ஃப் ஆட வந்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மண்டியிட்டு நாற்காலிக்கடியில் உருளைக்கிழங்கு பொறுக்கினார்கள். ஒருவர் ஒன்றைக் கோல்ஃப் மட்டையால் தட்டிக் கதவுக்கு வெளியே அனுப்பினார், மற்றவர்கள் கைதட்டினார்கள்.

இரவுச் சாப்பாட்டில் ஜன்னலோர மேசையில் பெரிய மீசைக்காரர் ஒருவருடன் உட்கார வைத்தார்கள். ஆட்டிறைச்சி வந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை அதன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், அவர் தட்டை என் பக்கம் இழுத்து, இறைச்சியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, அவர் கழுத்தில் துண்டு செருகி, முள்கரண்டியை ஊதி ஆற்றி அவர் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறேன்! அதைவிடக் கொடுமை, அவர் வாயைத் திறந்துவிட்டார். தட்டு காலியாகும்வரை ஊட்டி முடித்தேன்.

மறுநாள் காலையில் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் படுத்தேன். அஞ்சு வருஷத்தில் முதல் தடவை. கண் சொக்கும் நேரத்தில் கீழே 'டிங்' என்றது. வீட்டில் தேநீருக்கு ஒரு தடவை, கால் மரத்தால் ஒரு தடவை, ஜன்னலில் கடற்காகம் வந்தால் ஒரு தடவை என்று இஷ்பெல் அடிக்கும் பித்தளை மணி மாதிரியே வரவேற்பறையிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள், பாவிகள். "இந்தா வந்துட்டேன் இஷ்பெல்!" என்று துண்டும் சோப்பு நுரையுமாக மாடிப்படி இறங்கினால், அங்கே புது ஜோடி ஒன்று பெட்டியோடு நிற்கிறது. இறங்கியது இறங்கியாயிற்று, பெட்டியைத் தூக்கி மாடியில் வைத்தேன். அப்புறம் மணி அடித்தபோதெல்லாம் இதே கதை. ஒரு அம்மாள் அறையில் குளிர் தாங்கவில்லையென்று என்னைத் திட்டினாள், அந்தக் கணப்பையும் சரிசெய்து கொடுத்தேன். "ஃபெர்கஸ், உங்களை ஓய்வெடுக்கக் கூப்பிட்டேனா, வேலைக்கு வச்சேனா?" என்று திருமதி புக்கானன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மத்தியானம் வீட்டுக்கு போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அக்கா, சிரிக்காதே, மூன்றாவது தடவையும் போட்டேன். கிடைத்த பஸ்ஸில் ஓடினேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே இஷ்பெல், கர்ஸ்டி அனுப்பிய பெண், பக்கத்து வீட்டார் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். டாக்டர் கூடாதென்ற மீன் வறுவல் மடியில், ரேடியோ கூரையைப் பிய்க்கிறது.

"யாருய்யா உன்னைக் கூப்பிட்டது?"

"நீ போன் எடுக்கலையே..."

"ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்! இந்த ரெண்டு நாள் உனக்கு மட்டுமா குடுத்தாங்க? அஞ்சு வருஷமா ஒரு ஆளு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்தா எனக்கு மூச்சு முட்டாதா? இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கு, கிளம்பு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா. நான் இல்லாமலும் அவளுக்கு ஓடுகிறது என்றால் நான் எதற்கு? வாசலைத் தாண்டும்போது மணி அடித்தாள். ஓடினேன். அந்த மணியை என் கோட்டுப் பைக்குள் போட்டாள். "இதையும் கொண்டு போ. இங்க இருந்தா உன்னைக் கூப்பிடணும்னு தோணும். நல்லாத் தூங்கிட்டு வாய்யா" என்றாள்.

திரும்பிப் போனேன். மீசைக்காரர் சாப்பிடாமல் காத்திருந்தார். என் தட்டை இழுத்து இறைச்சியை நறுக்க ஆரம்பித்தார். "என்னையும் கர்ஸ்டிதான் அனுப்பினா. அம்மாவுக்குத் தினம் நான்தான் நறுக்கிக் குடுக்கிறேன். எனக்கு நறுக்கிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். துண்டுகள் கொஞ்சம் பெரிசு. ஒன்று விடாமல் மென்று முடித்தேன். வரவேற்பறை மணிக்குச் சத்தம் வராதபடி திருமதி புக்கானன் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தார். அன்று படுத்தவன் காலைச் சாப்பாட்டையும் விட்டேன், பஸ்ஸையும் விட்டேன்.

ஆகவே மானம், மூட்டை, பஸ் மூன்றையும் இழந்த உன் தம்பி சொல்கிறேன்: இந்த ஓய்வு நம் குடும்பத்துக்கு ஒத்துவராது. இனி யாரும் யார் பெயரையும் எங்கேயும் கொடுக்கக் கூடாது. அத்தானுக்கு என் வணக்கம். உனக்கு ஆயுளும், உன் அடுப்புக்கு நெருப்பும், உன் செருப்புக்கு உலர்ந்த இடமும் கிடைக்கட்டும்.

அன்புத் தம்பி,
ஃபெர்கஸ்

பின்குறிப்பு: கர்ஸ்டியிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். "நான் வெறும் பொண்டாட்டிதானே" என்று ஆரம்பிக்காதே, அந்த வசனம் அவளிடம் செல்லாது. வெள்ளிக்கிழமை நீ விடுதிக்குக் கிளம்பு, அத்தானைப் பார்த்துக்கொள்ள நானும் இஷ்பெலும் அங்கே வருகிறோம், அத்தானோடு ஆட அவள் சீட்டுக்கட்டைக்கூட எடுத்துவைத்துவிட்டாள். குளிர்ப்பெட்டியில் எங்கள் செருப்புக்கும் கொஞ்சம் இடம் விட்டு வை. விடுதியில் ஜன்னலோர மேசையைக் கேட்டு வாங்கு. சனிக்கிழமையே ஓடி வந்தாயானால் கதவைத் திறக்க மாட்டேன்.