என் தேனீக்களுக்கு மறதி வந்தது பற்றி

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் மச்சானும் நலம். மொட்டைமாடித் தேனீக்கள் நலமில்லை. நீயும் உன் பூச்சிமருந்துக் கடையும் நலமா என்று கோபம் ஆறியதும் கேட்கிறேன்.

போன தடவை வந்தபோது, மொட்டே விடாத என் ரோஜாச் செடிக்கென்று ஒரு பாட்டிலை நீட்டி, "ஒரு மூடி மருந்துக்கு எந்தத் தேனீ சாகப் போகுதுக்கா?" என்றாயே, வாஸ்தவம், ஒன்றுகூடச் சாகவில்லை. செத்திருந்தால் அழுது முடித்திருப்பேன். இவை வீட்டை அல்லவா மறந்துவிட்டன! காலையில் கூட்டமாகக் கிளம்புகின்றன, சாயங்காலம் பாதிகூடத் திரும்புவதில்லை. செலவு இருக்கிறது, வரவு இல்லை, இதை நான் எந்தக் கணக்கில் எழுத? ஒன்று கொடியில் காய்ந்த உன் மச்சான் சட்டைப் பையில் குடியேற, அவர் பேனா எடுக்கப் போய் விரல் வீங்கியது. இன்னொன்று தேனீப் பெட்டி வாசல்வரை வந்து, யார் வீடோ என்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பெட்டி விற்ற தேனீக்காரருக்குப் போன் போட்டால், "கொல்ற அளவு இல்லம்மா இது, புத்திய மழுக்குற அளவு. கொஞ்சம் கொஞ்சமா எங்கேயிருந்தோ மருந்து உள்ள போகுது. இப்படியே விட்டா கூடு காலியாயிடும்" என்கிறார். உன் மச்சானிடம், "ரோஜாவுக்கு அடிச்சீங்களா?" என்றால், "நான் அந்தப் பாட்டிலத் தொடவே இல்லடி" என்கிறார். சர்க்கரை டப்பாவையும் இவர் தொட்டதே இல்லைதான்! நானோ, அந்த வாயில்லா ஜீவன்கள் பசிக்கு அலையக் கூடாதென்று, சாமி படத்துக்கு வைத்து எடுத்த பூவைக் குப்பையில் போட மனமில்லாமல், சர்க்கரைத் தண்ணீர் தெளித்துத் தினமும் பெட்டி முன்னால் பரப்புகிறேன். இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் கெடுத்துவிட்டாயே.

ஆகையால், கூடு பழையபடி நிறையும்வரை நீ என் வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டாம். பாட்டிலைத் திருப்பி அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்காக வேண்டிக்கொள்வதைக் கோபத்திலும் ஒருநாள் விடவில்லை.

ஆசிகளுடன்,
அக்கா

பி.கு.: பாட்டிலைப் பொட்டலம் கட்ட எடுத்தால், சீல்கூட உடையவில்லை. அதற்குள் தேனீக்காரரே நேரில் வந்துவிட்டார். பெட்டி முன்னால் கிடந்த பூவை மோந்து பார்த்து, "கடைப் பூவாம்மா? தோட்டத்துலயே மருந்தடிச்சுத்தானே அனுப்புறாங்க. அதுல சர்க்கரைத் தண்ணி வேற கலந்து, நீங்களே ஊட்டி விட்டிருக்கீங்களே! இன்னையோட நிறுத்துங்க, தேறிடும்" என்றார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. உன் மச்சானிடம் இனிமேல்தான். அவர் சிரித்து முடிக்கட்டும். மேலே எழுதியதை அடித்தால் தாள் பாழ், அடித்ததாக நினைத்துக்கொண்டு இந்த ஞாயிறே கிளம்பி வா. வழக்கம்போல அக்கா வீட்டுச் சாமிக்கென்று பூ மட்டும் வாங்கி வந்துவிடாதே.