சிவப்புக்கொடி அண்ணன் அழுத்திய பட்டன்

அரியலூர் பக்கம் ஓடும் சிமென்ட் லாரிகள் போலீஸுக்கு நிற்காது, கடவுளுக்கும் நிற்காது. சிவப்புக்கொடி அண்ணனுக்கு மட்டும் நிற்கும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது சாலையில் வண்டிகளை மறிப்பது அவர் வேலை. வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும் விசில்தான் ஊதுவாராம்.

பெரம்பலூரில் எங்கள் சின்ன கம்பெனி அந்தச் சுரங்கத்துக்காக ஒரு செயலி செய்தது. சாலையில் நிற்பவர் செல்போனில் பட்டனை அழுத்தினால் வெடி வைப்பவருக்குத் தகவல் போகும். பச்சை என்றால் வெடிக்கலாம், சிவப்பு என்றால் வெடிக்காதே. எழுத்தெல்லாம் அசிங்கம் என்று நிறத்தை மட்டும் வைத்த மேதாவி நான். செய்து முடித்த மறுநாளே நிஜ வெடிக்குத் தருவதாகச் சுரங்கத்துக்கு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்குமுன் சோதித்துப் பார்க்க ஐந்து கொடிக்காரர்களை வரவழைத்தோம். டீயும் பஜ்ஜியும் கொடுத்தவன் மனதை நம்மூரில் யார் நோகடிப்பார்கள்? நாலு பேர் போனைத் தடவிவிட்டு "சூப்பருங்க" என்றார்கள்.

ஐந்தாவது ஆள் அண்ணன். டீயைத் தொடவில்லை, உட்காரவுமில்லை. கொடியோடும் விசிலோடும் ஹால் நடுவில் நின்றார். "ஒரு கை கொடிக்குப் போயிடும். மிச்சக் கைக்கு என்ன வேலை, சொல்லுங்க."

போனை அந்தக் கையில் கொடுத்ததோடு சரி; சோதனையில் நாங்கள் உதவவே கூடாது. நான் கொடியை மீறிப் போகும் பைக் ஆசாமியாக நடித்து ஹாலுக்குள் ஓடினேன். விசில் அலறியது. வாசலில் வந்த கூரியர்காரர் பார்சலைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். அண்ணன் கொஞ்சமும் தயங்காமல் அழுத்தினார்.

பச்சையை.

கணக்குப்படி நான் செத்துப்போயிருந்தேன்.

"ஏண்ணே பச்சை?"

"ரோட்டுல வண்டி இருந்தா பச்சைங்க. ரோட்டை அடைச்சாத்தான் சிவப்பு. நான் சிவப்பு காட்டுனாத்தானே வெடிப்பாங்க? இருவது வருசமா அப்படித்தான்."

ஒரு நாளாவது அந்தச் சாலையில் போய் நின்றிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

முதலாளி கார் சாவியை எடுத்தார். "அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கலாம்ப்பா. நாலு பேர் சூப்பர்னாங்கல்ல? சுரங்கத்துல குடுத்துட்டு வந்துடலாம், கிளம்பு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் வாசற்படியில் போய்ச் சிவப்புக் கொடியை விரித்தார்.

"தள்ளுங்க, நேரமாச்சு."

"போவ முடியாது சார். நாளைக்குப் பழக்க தோசத்துல நான் பச்சையை அமுக்கிட்டா, செத்தவன் வூட்டுக்கு நீங்களா போய்ச் சொல்லுவீங்க?"

எந்த சிக்னலுக்கும் நிற்காத முதலாளி நின்றார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "நாளைக்கு வேணாம் சார். நான் மாத்தணும்."

பஜ்ஜித் தட்டுப் பக்கமிருந்து ஒருவர் இழுத்தார். "எங்களுக்கும் பச்சையிலதாங்க கை போச்சு. டீயெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களேன்னு…"

நிறங்களைத் தூக்கினேன். 'ஆள் இருக்கு, வெடிக்காதே' என்று ஒரு பெரிய கறுப்புப் பட்டன் போட்டேன். அடுத்த வாரம் நிஜ வெடியன்று அண்ணன் பக்கத்தில் நின்றேன். கடைசி நிமிடத்தில், சோளக்கொல்லை வழியாக ஒரு மொபெட் மறித்த சாலைக்குள் புகுந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை.

அண்ணனின் கட்டைவிரல் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்தக் குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டு போனது. அதன் அப்பனை அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பட்டன் இன்னும் பெருசா இருக்கணுங்க. வெரலு வழுக்குது."

அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படியொரு பாசம் பொங்கியது. "எவ்வளவு பெருசு வேணும்ணே, சொல்லுங்க" என்றேன்.