முகிலண்ணையின் மூன்று சொட்டு

ஜெர்மனும் பிரெஞ்சும் பேசுகிற பீல் நகரத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் ஓரிடத்தில் மட்டும் மூட்டம் கலையாது. அது எங்கள் கைக்கடிகாரத் தொழிற்சாலையின் சைக்கிள் கொட்டகை. அந்த மூட்டத்தைத் தனியொரு ஆளாக உற்பத்தி செய்தவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டுந்தான் தெரியும். எங்களுக்கு அவர் முகிலண்ணை.

இளமையிலிருந்தே சிகரெட் குடித்த மனிதர். ரெனான் என்ற ஊரில் இருக்கும் அவருடைய ஒரே மகள் ஒருநாள் நல்ல செய்தியையும் தீர்ப்பையும் ஒரே மூச்சில் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் அம்மப்பா ஆகப்போறியள். ஆனா உந்தப் புகை மணத்தோட வந்தா என்ர பிள்ளையைத் தூக்க விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

அண்ணை அன்றே சிகரெட்டை விட்டார். கொஞ்சங் கொஞ்சமாக எல்லாவற்றையும் விடுவதற்கு என்று வேப் என்கிற மின்சிகரெட் வாங்கினார். அதிலும் எல்லோரும் வைத்திருக்கிற வகை இல்லை.

"அந்தப் பிளாஸ்டிக் விசிலை ஊத எனக்கென்ன விசரோ தங்கச்சி? கைக்கு ஒரு வேலை வேணும்" என்றார், பக்கத்து மேசையில் வேலை செய்யும் என்னிடம்.

அவர் வாங்கியது சொட்டு விட்டு இழுக்கிற சாமான். மூடியைத் திறந்தால் உள்ளே கம்பிச்சுருள், அதற்குள் பஞ்சு. பஞ்சில் லிக்விடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடி, இழுக்க வேண்டும். நாலு இழுவையில் பஞ்சு காய்ந்துவிடும். மறுபடியும் திறக்க வேண்டும், சொட்டு விட வேண்டும், மூட வேண்டும். தேநீர் இடைவேளை முழுக்க இதிலேயே போகும்.

முதல் நாளே கூத்து. "கடைப் பெடியன் மூண்டு சொட்டு எண்டவன். அவன்ர உடம்புக்கு மூண்டு காணும், எனக்குக் காணுமோ?" என்று சொல்லிப் போத்தலைக் கவிழ்த்தார். இழுத்ததும் சூடான லிக்விட் நேரே நாக்கில் பாய்ந்தது. அவர் துள்ளிய துள்ளலில் மேற்பார்வையாளரின் சைக்கிள் சாய, அதோடு நின்ற சைக்கிள்கள் அத்தனையும் வரிசையாக விழுந்தன. மேற்பார்வையாளர் பாதி ஜெர்மனிலும் பாதி பிரெஞ்சிலும் ஏசினார். அண்ணை இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டார். நாக்கு வெந்திருந்ததால் இரண்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

பிறகு பயந்துபோய் ஒரேயொரு சொட்டோடு நிறுத்தினார். பஞ்சு கருகியது, இருமல் பிய்த்தது. கருகிக் கருகி வாங்கிய பஞ்சும் முடிந்தது. அடுத்த நாள் கொட்டகைக்குள் விளக்கு நூர்ந்து அணைந்த மணம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னேரம் அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, சாமி விளக்குக்கு நான் திரிச்சு வச்ச திரியெல்லாத்தையும் உந்த மனிசன் ஊதித் தள்ளிப்போட்டார்! இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் என்னத்தைக் கொளுத்த?"

"பஞ்செண்டால் பஞ்சுதானே?" என்றார் அண்ணை என்னிடம். "இறுக்கித் திரிச்சுப்போட்டா. லிக்விட் உள்ளுக்கு இறங்குதில்லை." பிழை முழுக்க மனைவியினுடையதாம்!

ஆனால் ஆள் பிடிவாதக்காரர். மெல்ல மெல்லக் கை படிந்தது. நிக்கொட்டினைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் அது இல்லாத மாம்பழ வாசனை லிக்விடுக்கு வந்து சேர்ந்தார். அதையும் பிள்ளை பிறக்குமுன் விட்டுவிடுவதாகச் சொன்னார். நான் நம்பவில்லை.

பிள்ளைக்குத்தான் பொறுமை இல்லை. அண்ணை கொட்டகையில் மூடியைத் திறந்து சொட்டு விடப்போன நேரம், உதவிக்கென்று ரெனானுக்கு முன்பே போயிருந்த மனைவியின் அழைப்பு வந்தது. "பெடியன் பிறந்திட்டான்!" அவ்வளவுதான், போத்தல் முழுவதும் சட்டையில்.

ஆளைத் தனியே விட மனமில்லாமல் நானும் ரயில் ஏறினேன். எதிரே இருந்த அம்மா எங்கள் பையையே பார்த்துக்கொண்டு வந்தார், எப்போது மாம்பழம் வெட்டுவோம் என்று.

ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே மகள் மூக்கைச் சுளித்தாள். "என்னப்பா மணம் இது?"

அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. "சத்தியமா இண்டைக்கு ஒரு இழுவையும் இழுக்கேல்லைப் பிள்ளை. கொட்டுண்டுபோச்சு."

மகள் அவரையும், ஊறிக் கிடந்த சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "போய் நல்லாக் கழுவுங்கோ. இவரின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

மருமகனின் ரீசேட் வயிற்றில் ஏறி நிற்க, பேரனைக் கையில் வாங்கிய அண்ணை விக்கி விக்கி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும் வேப்பை எடுத்து என் கையில் வைத்தார். "நான் கேட்டாலும் தராத தங்கச்சி." இன்றுவரை கேட்கவில்லை.

சில கிழமை கழித்துப் பிள்ளை பார்க்கப் போனேன். சின்னப் போத்தலில் வைட்டமின் சொட்டு மருந்து. மகளுக்குச் சொட்டு விழவேயில்லை, மருமகனுக்கு அளவுக்கு மீறிக் கொட்டியது. "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று வந்தார் அண்ணை. போத்தலைச் சரித்து, டொக்டர் சொன்ன அளவைக் கரண்டியில் எண்ணி விட்டார். சொட்டு ஒன்றுகூடச் சிந்தவில்லை.

பென்சன் எடுத்துக்கொண்டு இப்போது ரெனானிலேயே இருந்துவிட்டார். அவருடைய வேப் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. திறந்தால் இன்னமும் மாம்பழம் மணக்கும். அந்த மணம் வந்தால், சைக்கிள் கொட்டகைப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.