பெட்டிக்காரர் போட்ட லீக்ஸ் தோட்டம்

சித்தூரில் "சௌக்கியமா?" என்று கேட்கவே கூடாத ஒரே மனிதர் பெட்டிக்காரர்தான். கேட்டால், "இன்னிக்கு வரைக்கும்" என்பார். கேட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சவப்பெட்டி செய்வது அவர் தொழில். கீழே அவருடைய பட்டறையும் வீடும். மேலே என் அறை. திருப்பதியில் வேலை பார்த்த நான், வாடகை மலிவு என்று அங்கே குடிபோனேன். ஏன் மலிவு என்பது பெட்டிகளைத் தாண்டிப் படியேறியபோதுதான் விளங்கியது.

அவர் மனைவி மேரியக்கா, சின்ன வயதில் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் சமைத்தவர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுவார். ஒருநாள், "அந்த லீக்ஸ் சூப்பு கெடைச்சா ரெண்டு வாய் குடிப்பேன்" என்றார்.

லீக்ஸ் என்பது வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி. பட்டை இலை, தடித்த வெள்ளைத் தண்டு. பெட்டிக்காரர் திருப்பதி மார்க்கெட் முழுக்க அலைந்தார். ஒரு கடைக்காரர் வெங்காயத்தாளை நீட்டி, "இதே லீக்ஸு, தீஸ்கோ" என்று, இதுதான் எடுத்துக்கோ என்பதைத் தெலுங்கில் சொன்னார்.

"ஏம்பா, சாகப்போறவகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?" என்று இவர் கேட்டதில் கடைக்காரர் வெங்காயத்தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம்.

என் போனில் விதை வரவழைத்தோம். முற்றமோ சிமெண்ட். பட்டறையில் ஒரு பெட்டி மீந்து கிடந்தது. பிழைக்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த ஒருவருக்காக உறவினர் சொல்லிவைத்தது. அவர் பிழைத்து, பஸ் பிடித்து வந்து, "எனக்கு வேணாங்க" என்று நேரிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெட்டியின் அடியில் துளை போட்டு, செம்மண்ணும் சாணியெருவும் நிரப்பி, நாற்று நட்டார்.

அக்காவுக்காக ஜெபிக்க வந்த பாஸ்டர் திடுக்கிட்டார். "என்னப்பா இது, பெட்டியில பயிரு?"

"ஐயா, ஆண்டவரு மொதல்ல போட்டது தோட்டம்தான். அந்தப் பழத்தைத் துன்னப்புறம்தான் பெட்டி வேலையே வந்திச்சி. நான் பழைய வேலைக்குத் திரும்பிக்கினு இருக்கேன்."

பாஸ்டர் யோசித்துவிட்டு, லீக்ஸுக்கும் சேர்த்தே ஜெபித்தார்.

ஆனாலும் மாசி வெயிலில் நாற்றுகள் கருகின. பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளை சாட்டின் துணியை மேலே பந்தலாகக் கட்டினார். தண்டு வெளுக்க, வாராவாரம் அடியில் மண் அணைத்தார். தப்பியது பதினோரு செடி. பென்சில் பருமன்தான்.

சூப் வைத்த அன்று அடுப்படியில் நானும் இருந்தேன். பெட்டிக்காரர் லீக்ஸை நறுக்கி வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பால் ஊற்றினார். அந்த நேரம் பாகாலாவிலிருந்து பெட்டி கேட்டு அவசரமாக இருவர் வந்தார்கள்.

"அரை மணி ஒக்காருங்க. செத்தவரு கோச்சிக்க மாட்டாரு" என்றார் பெட்டிக்காரர், கரண்டியை வைக்காமலே.

அக்கா ஒரு வாய் குடித்தார்.

"மண்ணு நறநறங்குது."

கழுவியவன் நான். மடிப்புக்கு மடிப்பு மண் ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் தலைகுனிய, அக்கா கிண்ணத்தை மறுபடி நீட்டினார். "அதே ருசிதான். இன்னும் கொஞ்சம் ஊத்து."

பெட்டிக்காரர் சிரித்தார். வெளியே காத்திருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது விதைப்புக்கு முன்பே அக்கா போய்விட்டார். அக்காவின் பெட்டியைப் பெட்டிக்காரரே செய்தார். உதவிக்கு யாரையும் விடவில்லை. சுத்தியல் சத்தமே கேட்காததால் பயந்து கீழே இறங்கிப் போனேன். ஆணியே அடிக்காமல், ஒவ்வொரு பலகையையும் திருகாணி போட்டு மெதுவாக முடுக்கிக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டா அவளுக்குத் தலை நோவும் சார்" என்றார்.

அதற்குப் பிறகு நான் திருப்பதிக்கே மாறிவிட்டேன். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போனேன். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எதுக்கு சார் ஓடியாந்தீங்க? நான் ஒண்ணும் சாகல" என்றார்.

என் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை.