மேட்சிங் அக்காவின் மஞ்சள் விடுமுறை

கோடை விடுமுறைக்குத் துணிமணி எடுத்துவைக்கும் கலையில் மேட்சிங் அக்காவை விஞ்சியவர் தென்னகத்தில் எவருமில்லை என்று எந்த மேடையிலும் ஏறி நின்று வாதிட நான் ஆயத்தமாக இருக்கிறேன். எதிரணியில் யார் வேண்டுமானாலும் அமரட்டும். வருவதற்கு முன் தங்கள் பெட்டியை ஒருமுறை அக்காவிடம் திறந்து காட்டிவிட்டு வரட்டும். திரும்பி வரும்போது கையில் பெட்டி இருக்காது, பை ஒன்று இருக்கும்.

தியாகராய நகரில் நாங்கள் தங்கியிருந்த மகளிர் விடுதியில் அக்காவின் இயற்பெயரை அறிந்தவர் ஒருவருமில்லை. கூரியர் கொண்டுவரும் இளைஞர்கூட வாசலில் நின்று, "மேட்சிங் அக்கா கீறாங்களா?" என்றுதான் கேட்பார். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி விற்கும் மேட்சிங் சென்டர் ஒன்றில் அக்காவுக்கு வேலை. கடை திறந்தது முதல் சாத்தும்வரை பெண்கள் முந்தானையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்கு மேட்சிங் இருக்கா?" என்று கேட்பார்கள். அக்கா ஒரு துணியை எடுத்துப் போடுவார். அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "கொஞ்சம் டல்லா இல்ல?" என்பார்கள். இப்படியே ஆண்டுகள் கடந்ததில் கேள்வி எதுவாயினும் அக்காவின் வாய் ஒரே பதிலைச் சொல்லப் பழகிவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, "அக்கா, முடிச்சிட்டீங்களா?" என்றால், "இதைவிட டார்க் வராதும்மா" என்று உள்ளிருந்து குரல் வரும்.

இந்தக் கேள்விகளின் வெள்ளத்தில்தான் அவருடைய மாபெரும் கொள்கை பிறந்தது. உலகில் நிறங்கள் பலவாக இருப்பதே பொருத்தம் பார்க்கும் தொல்லைக்குக் காரணம். ஆகவே பயணம் போகிறவர் ஒரே நிறத்தில் ஆடை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மேலாடையும் எந்தக் கீழாடையோடும் சேரும். எதற்கு எது என்ற கேள்வியே எழாது. கேள்வி எழாத இடத்தில் பெட்டியும் கனக்காது. இக்கொள்கையை அக்கா வெறுமனே பேசிவிட்டுப் போகவில்லை. ஊருக்குப் புறப்படும் எவரையும் வாசலில் மறித்து, பெட்டியைத் திறந்து, நடைமுறைப்படுத்தினார்.

சித்திரை வெயிலில் மதுரைக்குப் பேச்சுப் போட்டிக்குப் புறப்பட்ட என்னையும் மறித்தார்.

"இது என்னடி?"

"பட்டுப் புடவைக்கா. பரிசு வாங்குறப்ப கட்டிக்க."

"பரிசு உனக்குத்தான்னு எழுதி வச்சிருக்காங்களா?"

"தோத்துட்டா கட்டிக்கத்தான் இந்தக் காட்டன் புடவை."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் மதுரைல வேர்க்கும். காட்டன் போதும்."

பல ஊர் மேடைகளில் என்னை மணிக்கணக்கில் பேசித் தோற்கடித்தவர்கள் உண்டு. மூன்றே வாக்கியங்களில் முடித்துவைத்தவர் அக்கா மட்டுமே.

விடுதியிலிருந்து திருமணமாகிச் சென்ற தோழி ஒருத்தி தேனிலவுக்கு அந்தமான் புறப்பட்டபோது, ஆசி வாங்க வந்தவளின் பெட்டியையும் அக்கா விடவில்லை. அன்று வெளியே எடுத்துப் போடப்பட்ட ஆடைகளைக் கொண்டு விடுதியில் எங்கள் அனைவருக்கும் தீபாவளி நடந்தது. தோழி திரும்பி வந்து புகைப்படங்களைக் காட்டினாள். கடற்கரையில் இளநீலம், படகில் இளநீலம், பவளப்பாறை அருகில் இளநீலம். அவளுடைய மாமியார் எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்து முடித்து, "ஏம்மா, எல்லா எடத்தையும் ஒரே நாள்ல சுத்திக் காட்டிட்டானா என் புள்ள?" என்று வருந்தினாராம்.

இத்தனை பேரை ஊருக்கு அனுப்பிவைத்த அக்கா, தாம் எங்கும் போனதில்லை. சென்ற அக்கினி நட்சத்திரத்தின்போது கடையை இடித்துப் புதுப்பிக்கச் சில நாள்கள் மூடினார்கள். அன்று மாலை விடுதியின் உணவுக்கூடத்தில் அக்கா எழுந்து நின்று அறிவித்தார்.

"கடலோரமா ஒரு ஊருக்குப் போறேன். அங்க ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. மேட்சிங் இருக்கா, மணி என்ன, பஸ்ஸு போயிடுச்சா, எதுவும் கூடாது. வேற எதுவும் எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு, பாதி உண்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். வேடிக்கை பேச வாய் திறந்த நாங்கள், அதை விட்டுவிட்டு ஊர் தேடத் தொடங்கினோம்.

கடையில் அக்காவோடு வேலை பார்த்த ஸ்டெல்லா அன்று எங்களைப் பார்க்க வந்திருந்தாள். மீனவர் குடியிருப்பான ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். கடலுக்காக ஒருவர் பேருந்து ஏறுவது அவளுக்கு விளங்கவேயில்லை.

"கடலு பாக்கணும்னா எங்கூட்டாண்ட வாக்கா. பின்கதவத் தொறந்தா கடலுதான். இன்னாத்துக்கு பஸ்ஸேறி அவ்ளோ தூரம் போய்க்கினு?"

"உங்க குப்பத்துல என்னைத் தெரியாதவங்க யாரு? உங்கம்மாவே போன வாரம் ராமர் பச்சைல ஜாக்கெட் பிட்டு இருக்கான்னு போன் பண்ணாங்க."

முடிவில் நாகப்பட்டினத்துக்குப் போகும் வழியில் யாரும் அதிகம் கேள்விப்படாத கடலோரச் சிற்றூர் ஒன்று தேர்வாயிற்று. அக்கா, ஸ்டெல்லா, நான் என மூவர். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே பை. உடுத்தியதும் உள்ளே வைத்ததும் ஒரே நிறம், மஞ்சள்.

ஏன் மஞ்சள் என்பதற்கு அக்கா அளித்த விளக்கத்தை எந்த நடுவரும் மறுக்க இயலாது. கறுப்பு வெயிலை இழுக்கும். வெள்ளை அழுக்கைக் காட்டிக்கொடுக்கும். நீலத்தில் வியர்வை காய்ந்தால் உப்புக் கோடு விழும். மஞ்சளில் மணல் தெரியாது, வெயில் தெரியாது, சாம்பார் சிந்தினாலும் தெரியாது. எலுமிச்சை மஞ்சளில் ஒரு புடவை, சாமந்தி மஞ்சளில் ஒரு சுடிதார், மாம்பழ மஞ்சளில் இரண்டு குர்தா என்று பை நிறைந்தது. துப்பட்டா மட்டும் ஒன்று. அதுவே வெயிலில் குடை, பேருந்தில் திரை, காலி இருக்கையில் இடம்பிடிக்கும் துண்டு.

ஸ்டெல்லாவுக்கு மட்டும் ஓர் ஐயம் இருந்தது.

"அக்கா, மூணு பேரும் மஞ்சக் கட்டிக்கினு போனா பாக்குறவங்க வேண்டுதல்னு நெனச்சிப்பாங்கக்கா."

"நெனச்சா நெனச்சுக்கட்டும். சாமி கும்புடப் போறவங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அக்கா தம் வாழ்நாளில் சொன்னவற்றுள் முழுக்கப் பிழையானது இந்த ஒரு வாக்கியம்தான்.

நாங்கள் தேர்ந்த சிற்றூரில் அந்த வாரம் மாரியம்மன் கோயில் திருவிழா. எங்கள் நிறுத்தம் வருமுன்பே நடத்துநர் விசில் ஊதிப் பேருந்தை நிறுத்தினார். "ஆத்தா, கோயிலுக்கு இங்க எறங்கி நடக்கணும். மஞ்சக் கட்டுனவங்க எல்லாம் இங்கேருந்துதான் நடப்பாங்க." அக்கா விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் எங்கள் பை கீழே இறங்கிவிட்டது. அதன் பின்னால் நாங்களும் இறங்கினோம்.

சாலையெங்கும் மஞ்சள். பெண்கள், குழந்தைகள், மாட்டுக்குக் கட்டிய துணி, எல்லாம் மஞ்சள். அந்தக் கூட்டத்தில் புதிதாக இறங்கிய மூன்று மஞ்சள்களை ஊர் அன்போடு அள்ளிக்கொண்டது. ஒருவர் நீர்மோர் கொடுத்தார், ஒருவர் பானகம் கொடுத்தார், எல்லோரும் கேள்வி கேட்டார்கள்.

"எந்த ஊரு தாயி?"

"எத்தன நாளா வெரதம்?"

"புள்ள வரம் வேண்டியா, ஒடம்பு சொகம் வேண்டியா?"

"எம் பேத்திக்குக் காச்ச விடவே மாட்டேங்குது. ஒங்க கையால துண்ணூறு பூசி விடுங்க ஆத்தா."

அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் ஓரடி பின்வாங்கினார். பின்வாங்கிய இடத்தில் இன்னொருவர் கேள்வியோடு நின்றார்.

தங்கும் விடுதியை ஓடியடைந்தபோது மாடிப்படி வரை வஞ்சிரம் வறுபடும் மணம் வந்து வரவேற்றது. ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. கீழ்த்தளத்தில் மெஸ் நடத்திய உரிமையாளர் எங்கள் உடையைப் பார்த்தார்; உடனே சமையற்கட்டுக்குத் திரும்பிக் கட்டளையிட்டார். "மூணு இலைக்குச் சாம்பார் சாதம். தனிப் பாத்திரத்துல எடுத்து வை."

"அண்ணா, மீனு?" என்றாள் ஸ்டெல்லா மெல்ல.

"வெரதக்காரங்களுக்கு மீன் வச்சேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடாதும்மா."

அக்கா மாடியேறினார். உடையை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பையைக் கட்டிலில் கவிழ்த்தார். எலுமிச்சை விழுந்தது. சாமந்தி விழுந்தது. மாம்பழம் இரண்டும் விழுந்தன. மாற்றுவதற்கு ஆடை இருந்தது. மாறுவதற்கு நிறம் இல்லை. எதற்கு எது பொருந்தும் என்ற கேள்வியே எழாத அந்தக் குவியலை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பேசித் தீர்க்க முடியாதது உலகில் ஏதுமில்லை என்று நம்பி வளர்ந்தவள் நான். படியில் நின்று வலக்கையை உயர்த்தி, "அன்பார்ந்த பெருமக்களே, எங்கள் வருகையின் நோக்கத்தை நீங்கள் பிறழ உணர்ந்திருக்கிறீர்கள்" என்று கணீரென்று தொடங்கினேன். கூட்டம் அமைதியாயிற்று. இரண்டாம் வாக்கியத்தில் குரலை உயர்த்தினேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி கைகூப்பி, "பொண்ணு மேல ஆத்தா எறங்கிட்டா, வேப்பலை கொண்டாங்கடி" என்றார். என் கைக்கு வேப்பிலைக் கொத்து வந்து சேர்ந்தது. அத்துடன் உரையை நிறைவு செய்துகொண்டேன்.

அடுத்து விழாக் குழுவினர் வந்தனர். அவர்களில் மூத்தவர் பணிவோடு கேட்டார்: "சாயங்காலம் பூக்குழி எறங்குறீங்கள்ல? முன்னாடி வரிசைல நிக்க வச்சிர்றேன்."

பூக்குழி என்பது தீமிதி. கோயில் திடலில் விறகு எரியத் தொடங்கியிருந்தது. அக்காவின் முகமும் புடவைக்கு அருமையான மேட்சிங்காக மாறியது.

அப்போதுதான் ஸ்டெல்லா முன்னால் வந்தாள்.

"காப்பு கட்டிக்கலண்ணா. கட்டாம எறங்கக் கூடாதுல்ல?"

"கூடாதும்மா. அப்ப அவங்களுக்கு என்ன வேண்டுதல்?"

ஸ்டெல்லா அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"மௌன விரதம். ஊரு திரும்புற வரைக்கும் வாயே தொறக்க மாட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கவும் கூடாது. கேட்டாங்கன்னா விரதம் கலைஞ்சிரும், பாவம் கேட்டவங்களுக்குத்தான்."

அந்த ஊர் எப்படி மாறிற்று என்பதை நேரில் கண்டிராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். விடுதிப் பக்கம் பார்த்திருந்த ஒலிபெருக்கியை மறுபக்கம் திருப்பிக் கட்டினார்கள். சிற்றுந்து ஓட்டுநர்கள் விடுதியைக் கடக்கும்போது ஒலிப்பானைத் தொடவில்லை. உரிமையாளரின் தாயார் வாசலில் முக்காலி போட்டு அமர்ந்து, வாய் திறந்தவர்களையெல்லாம் கண்ணாலேயே விரட்டினார். கடற்கரையில் புங்க மர நிழலில் அக்காவுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பந்து விளையாடிய சிறுவர்கள்கூடக் கோல் விழுந்தால் ஓசையின்றிக் குதித்தார்கள்.

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தோள்கள் தளர்ந்து இறங்கியிருந்தன. கால்விரல்கள் மணலை மெல்ல அளைந்துகொண்டிருந்தன. எல்லா நிறத்தையும் ஒரு பார்வையில் எடைபோடும் அந்தக் கண்கள் எதையும் எடைபோடாமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

ஆனால் ஒருவர் விரதம் என்றால் மூவரும் விரதம். வேளைக்கு வேளை எங்களுக்குச் சாம்பார் சாதம் வந்தது. சிறிய வயதிலிருந்து மீனில்லாமல் ஒருநாள் உணவும் இறங்காத ஸ்டெல்லா, இலையைப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்பாள். அறையில் அக்கா ஏதோ சொல்ல வந்தபோது தடுத்துவிட்டாள். "நீ வாயத் தொறக்காதக்கா. மீனு எங்க போயிறப் போவுது? நான் வூட்ல போய்த் துன்னுக்கிறேன்."

விடுமுறையில் இன்னும் இரண்டு நாள் மீதமிருந்தது. நண்பகலில் மெஸ்ஸில் எங்களுக்கு எதிரே ஒரு குடும்பம் அமர்ந்தது. இலை நிறைய மீன் குழம்பு, ஓரத்தில் வஞ்சிரத் துண்டு. ஸ்டெல்லா அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டாள். சாம்பாரை இலையில் விரலால் இழுத்து இழுத்துக் கோடு போட்டாள். அவள் மூக்கு மட்டும் அவளுக்குக் கட்டுப்படாமல் குழம்பு வந்த திசையில் திரும்பியது.

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாகக் கடற்கரையில் கிடந்த தம் நாற்காலியைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"தம்பி, இந்தப் புள்ளைக்கு மீன் வைங்க. இவளுக்கு விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கும் இல்ல."

ஊரையே ஏய்த்தவர்கள் என்று எங்களைத் துரத்தப்போகிறார்கள் என நான் பையைத் தேடினேன். உரிமையாளரின் தாயார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"கேட்டியாடா? ஆத்தா வாய் தொறந்த மொத வார்த்தையே ஒரு புள்ளைக்குச் சோறு போடுன்னுதான். இதுக்கு மேல என்னடா அருள்வாக்கு? மீன எடுத்து வைடா."

செய்தி தெருவுக்குப் போயிற்று. அடக்கி வைத்திருந்த கேள்விகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கதவை நெருக்கிக்கொண்டு வந்தன. மகனுக்கு எப்போது கல்யாணம் கூடும், படகுக்குப் புது எஞ்சின் வாங்கலாமா, மருமகள் எப்போது திரும்பி வருவாள் என்று வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. கடற்கரை நாற்காலியைக்கூட யாரோ உள்ளே தூக்கிவந்துவிட்டார்கள், அக்கா அமர்ந்து பதில் சொல்வதற்காக.

அக்கா அந்த நாற்காலியை இழுத்து ஸ்டெல்லாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். வரிசையைப் பார்த்து வலக்கையை உயர்த்தினார்.

"இருங்க. புள்ள சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் கேளுங்க, எல்லாருக்கும் சொல்றேன்."

ஸ்டெல்லா முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குழம்பு காரம் என்று சொன்னாள். இரண்டாம் முறையும் சோறு வாங்கி, கடைசி முள்ளையும் உறிஞ்சிவிட்டு அவள் எழும்வரை, அக்கா உயர்த்திய கையைக் கீழே இறக்கவேயில்லை.