கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

மாரத்தானில் நான் கடைசியாக வந்தேன் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அதை வன்மையாகக் கண்டிக்கிறேன். எனக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்டார்களா? இல்லை. என் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியா வந்தாலும் குடுப்பாங்களா சார்?" என்று மட்டும் கேட்கிறார்கள். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

எல்லாம் பரணில் ஆரம்பித்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் இருட்டறையில் நின்றுகொண்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஊரார் கண்களையெல்லாம் சோதிக்கிறேன். ஏழாவது நாள் என் கண்ணை நான் மூடிக்கொள்ளக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரை தூங்குவது என் பிறப்புரிமை என்று இருந்தேன். அதற்கு வந்தது ஆபத்து.

"என்னங்க, வர்ற ஞாயித்துக்கிழமைலேர்ந்து பரணைச் சுத்தம் பண்றோம்," என்றாள் மனைவி.

"லேர்ந்துன்னா? எத்தனை ஞாயித்துக்கிழமை?"

"காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா மூணு மாசத்துல முடிஞ்சிடும்."

"மூணு மாசமா? அது பரணா, புதைபொருள் ஆராய்ச்சியா?"

"நீங்க ஏணியில ஏறி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. நான் கீழ நின்னு வாங்கிக்கறேன். அவ்வளவுதான்."

அவள் 'அவ்வளவுதான்' என்று சொன்னால், அதற்குப் பிறகுதான் எல்லாமே இருக்கிறது. இது பதினேழு வருட அனுபவம். இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் என் கடை வாசலிலேயே ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. மாரத்தான். முழு ஓட்டம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அரை ஓட்டம் இருபத்தொன்று. நடத்துகிறவர் எங்கள் மாடி வீட்டு டிரில் மாஸ்டர். அரை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"நான் ஓடப் போறேன்," என்றேன்.

"யாரோட?" என்றாள்.

"தனியாத்தான். மாரத்தான்ல."

"ஓ. அப்போ திரும்பி வந்துடுவீங்க."

குரலில் ஏமாற்றம் தொனித்ததா இல்லையா என்று இன்று வரை எனக்குச் சந்தேகம்.

"ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கே பயிற்சிக்குக் கிளம்பணும். பரண் வேலைக்கெல்லாம் வர முடியாது. உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "இருக்கே. நிறையவே இருக்கு."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. யோசித்தாள். பிறகு ஒப்பந்தம் பேசினாள்.

"முழுசா ஓடி முடிச்சீங்கன்னா, இந்த ஜென்மத்துல ஞாயித்துக்கிழமை காலைல உங்களை நான் எழுப்ப மாட்டேன். சத்தியம். பாதில திரும்பி வந்தீங்கன்னா பரண். அப்புறம் ஸ்டோர் ரூம். அப்புறம் பின்பக்கத்து ஷெட்."

"அடிபட்டுத் திரும்பி வந்தா?"

"அடிபட்டவரை ஏணியில ஏத்தற அளவுக்கு நான் கொடுமைக்காரியா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் நன்றாகக் குறித்துக்கொண்டேன். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு சுளுக்கு. வண்டியில் ஏறி வீடு. இரண்டு மாதம் ஓய்வு. பரணும் இல்லை, ஓட்டமும் இல்லை. என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

அதுவரை பயிற்சி வேண்டுமே? பயிற்சி செய்தேன். தெருமுனை சலூனில். சலூன்காரர் என் நண்பர். அவருடைய நாற்காலியின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் அது அப்படியே கட்டிலாகச் சாய்ந்துவிடும். ஞாயிறுதோறும் ஐந்தே கால் மணிக்கு அதில் படுத்தால் எட்டு மணிக்கு எழுந்திருப்பேன். அவர் பாட்டிலால் முகத்திலும் முதுகிலும் தண்ணீரைப் பீச்சிவிடுவார். மூச்சு வாங்கியபடி வீட்டுக்குப் போவேன்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்பாள், காலண்டரும் பேனாவுமாக.

"எட்டு கிலோமீட்டர்."

"போன வாரம் ஆறுதானே? பரவாயில்லையே!"

ஒரே ஒரு தொல்லை. சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. நான் தூங்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டிவிடுவார். பன்னிரண்டு வாரத்தில் என் தலை கிட்டத்தட்ட மைதானம். "ஓடறப்போ காத்து தடுக்கக் கூடாதுல்ல," என்று வீட்டில் விளக்கம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அந்த மூன்று மாதமும் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கணவன் வீரனாகிறான் என்ற பூரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். கண் சோதிக்கிறவனுக்கே கண் தெரியாமல் போகும் என்பதற்கு நானே சாட்சி.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பயம் வந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டர் என்பதும் இரண்டு கிலோமீட்டர்தானே? நடந்துகூடப் பழக்கமில்லை. கழன்றுகொள்ள ஒரு வழி தேடினேன்.

"ஒரு சிக்கல். என்னோட பேசர் வரலையாம். ஓட்டத்தை விட்டுட வேண்டியதுதான்."

"பேசரா? யாரு அது?"

"கூடவே ஓடி வர்றவர். அவர் இல்லாம ஓட முடியாது."

"கூடவே பேசிக்கிட்டு வரணுமா?"

"பேசறது இல்ல. பேசர். வேகம் தப்பாம பார்த்துக்கறவர். அது இங்கிலீஷ் வார்த்தை."

"எந்த பாஷையா இருந்தா என்ன? இருபத்தோரு கிலோமீட்டர் பேசறதுக்கு ஆள் கிடைக்கலைன்னு ஓட்டத்தையே விடறீங்க. பதினேழு வருஷமா வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கேனே, தோணவே இல்லையா?"

சொல்லி வாயை மூடவில்லை, மாடிப்படி ஏறிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். என் வாழ்க்கையின் முதல் உண்மையான பயிற்சி அதுதான்.

டிரில் மாஸ்டர் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். "அம்மா, பேசர் எல்லாம் வேகமா ஓடறவங்களுக்கு. சாருக்கு..." என்று இழுத்தார். "கடைசி ஆளுக்குப் பின்னால ஒரு சைக்கிள் போகும். முடியாதவங்களை வண்டியில ஏத்தி அனுப்பறது அந்த சைக்கிளோட பொறுப்பு. அதுக்கு இன்னும் ஆள் கிடைக்கல."

"எனக்குக் குடுங்க," என்றாள்.

"அது கடைசியா ஓடறவர் கூட வர்ற சைக்கிள். என் கூட இல்ல," என்று எடுத்துச் சொன்னேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனிதனை இதைவிட எப்படி அவமானப்படுத்த முடியும்?

அந்த நாள் வந்தது. ஆயிரம் பேர் கையைக் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். என் மனைவி மஞ்சள் கோட்டு, கழுத்தில் விசில், கையில் சைக்கிள். கோட்டின் முதுகில் பெரிய எழுத்தில் 'பேசர்' என்று அவளே தைத்திருந்தாள். துப்பாக்கி வெடித்தது. முதல் ஐந்நூறு மீட்டர் கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த ஐந்நூறில் கூட்டம் என்னைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவது கிலோமீட்டர் பலகை வந்தது. திட்டப்படி விழுந்தேன்.

"ஐயோ! சுளுக்கு! வண்டி, வண்டி!"

விசில் கேட்டது. சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். "எந்தக் கால்?"

"வலது கால்."

"அப்புறம் எதுக்கு இடது காலைப் புடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

கையை மாற்றினேன். "வலி அங்கேர்ந்து இங்க வந்துடுச்சு."

"அது மறுபடி கிளம்பறதுக்குள்ள நீங்க கிளம்புங்க."

"மூணு மாசம் ஓடி ஓடித் தேஞ்ச காலு..."

"எங்க ஓடினீங்க? சலூன் நாற்காலியிலயா?"

நடுரோட்டில் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. முதல் முறையாகச் சொந்த வியர்வை.

"பன்னெண்டு கிலோமீட்டர் ஓடினவர் மேல பவுடர் வாசனை. பதினெட்டு ஓடினவர் காலர்ல முடித் துணுக்கு. எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பயிற்சி நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு," என்றாள்.

எழுந்தேன். வேறு வழி? நான் ஓட, பக்கத்திலேயே சைக்கிளை உருட்டியபடி அவள் தன் பொறுப்பை ஆரம்பித்தாள். கல்யாண போட்டோவில் நான் ஏன் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதில் தொடங்கினாள். மூன்றாவது கிலோமீட்டரில் முதல் வருடமே முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த சைக்கிள் கடைசி ஆளுக்குச் சொந்தம். ஒரே ஒருவரை நான் முந்திவிட்டால், இவள் அவருக்குச் சொந்தம்!

முன்னால் ஒரு பருத்த வக்கீல் உருண்டுகொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். முந்தினேன். ஆகா! பறவைகள் கூவுவதெல்லாம் காதில் விழுந்தது. இரண்டு நிமிடம். பிறகு சைக்கிள் மணி.

"வக்கீல் எங்க?" என்றேன்.

"வண்டியில ஏத்தி விட்டுட்டேன். பாவம், மூச்சு வாங்குது."

"எனக்கும்தான் வாங்குது!"

"உங்களுக்குக் கோவத்துல வாங்குது. சரி, கல்யாணம் முடிஞ்சு ரெண்டாவது மாசம் எங்க அண்ணன் வந்தப்போ..."

ஓடினேன். ஒரு போட்டோகிராபரை முந்தினேன். அவரும் வண்டியில். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். முந்தினேன். என் மனைவி அவர்களோடு இரண்டே நிமிடம்தான் பேசினாள். வண்டியில் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இப்படியே எட்டுப் பேர். உயிரைக் கொடுத்து முந்துவது நான். வாழைப்பழம் சாப்பிட்டபடி உட்கார்ந்து வருவது அவர்கள். உலகத்தில் எந்தப் போட்டியிலாவது இந்த அநியாயம் உண்டா?

பதினைந்தாவது கிலோமீட்டரில் நிஜமாகவே கால் மடங்கியது.

"சத்தியமா முடியல. வண்டியைக் கூப்பிடு."

"வண்டில எட்டு சீட்டுதாங்க. நிறைஞ்சிடுச்சு."

வண்டி எங்களைக் கடந்து போனது. வக்கீல் கை தட்டி உற்சாகப்படுத்தினார். நான் முந்திய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

"இங்கேர்ந்து வீடு எவ்வளவு தூரம்?" என்றேன், ரோட்டோரம் உட்கார்ந்து.

"ஆறு கிலோமீட்டர்."

"முடியற இடம்?"

"அதுவும் ஆறுதான். இந்தப் பக்கம் போனா பரண். அந்தப் பக்கம் போனா தூக்கம்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். "உங்களால முடியும். எட்டுப் பேரை முந்தியிருக்கீங்க."

அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே எழுந்தேன். அந்த ஆறு கிலோமீட்டரும் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். என் அம்மா, அவள் அம்மா, பிரிட்ஜ் வாங்கிய கதை, வாங்காத வாஷிங் மெஷின் கதை எல்லாம் வந்தன. ஒவ்வொரு கதையிலும் நான்தான் குற்றவாளி. ஒவ்வொரு கதையிலிருந்தும் தப்பி ஓடினேன்.

நான்கு மணி நேரம் கெடு. மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் எல்லைக் கோட்டைத் தொட்டேன். கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டு பேர் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டிரில் மாஸ்டர் மட்டும் மைக்கில் என் நம்பரைச் சொல்லிக் கத்தி, பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார். அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். நாற்பத்தாறு வயதில் எடுத்த காரியம் ஒன்றை முழுசாக முடித்தது அதுதான் முதல் முறை. திரும்பிப் பார்த்தால் அவளும் கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மணி நேரம் பேசியதில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரே ஓட்டத்தில் இரண்டு லாபம் என்று நினைத்தேன்.

"சத்தியம் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு," என்றாள், கீச்சுக் குரலில். "ஞாயித்துக்கிழமை உங்களை நான் எழுப்ப மாட்டேன். பரணும் கிடையாது. அதை எப்பவோ சுத்தம் பண்ணியாச்சு."

"எப்போ?"

"நீங்க சலூனுக்குப் போக ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். அதுல இருந்ததே ஒரு பெட்டியும் ஓடாத ஃபேனும்தான்."

"அப்போ மீதிப் பத்து ஞாயித்துக்கிழமையும் காலைல என்ன பண்ணினே?"

"தூங்கினேன்," என்றாள். "குறட்டைச் சத்தம் இல்லாம, பதினேழு வருஷத்துல முதல் தடவையா, அப்படி ஒரு தூக்கம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு பத்து கிலோமீட்டர் ஓடியிருப்பேன். கால் ஒத்துழைக்கவில்லை. போகட்டும், கடைசியில் ஜெயித்தது யார்? நான். சத்தியம் சத்தியம்தானே? அந்த வாரம் முழுக்க கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பதக்கத்தைக் காட்டினேன். சனிக்கிழமை ராத்திரி போர்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகாராஜாவாகப் படுத்தேன்.

காலை ஐந்து மணி. வாசல் மணி அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு விசில்.

"சார்! ஷூ போட்டாச்சா?" டிரில் மாஸ்டரின் குரல். "முழு மாரத்தானுக்குப் பேர் குடுத்திருக்கீங்க, ஆறு மாசம் விடாம ஓடணும். இந்தத் தடவை நானே கூட வர்றேன்!"

"நான் எங்க பேர் குடுத்தேன்?" என்று எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தேன். "ஏய், உன் வேலைதானே இது? எழுப்பவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. என் போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நான் எங்கங்க எழுப்பினேன்? நான் தூங்கிக்கிட்டிருக்கேன். போறப்போ சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போங்க."